ஆச்சியின் 18 மைப்புள்ளிகள்

2024 மார்ச் மாதம் ஒரு மதியம். நாகர்கோவில் வடசேரியில் ஓர் ஓட்டு வீட்டுத் திண்ணையில் ஆச்சி உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வாக்காளர் பட்டியலும் கையுமாக ஒரு பெண் அலுவலர் படியேறி வந்தார்.

“பாட்டி, உங்களுக்கு 85 வயசு தாண்டியாச்சு. இந்தத் தடவை பூத்துக்கு வரவேண்டாம். இந்த 12டி படிவத்துல கையெழுத்து போட்டா, அதிகாரிங்களே பெட்டியோட வீட்டுக்கு வந்து ஓட்டு வாங்கிக்கிடுவாங்க.”

ஆச்சி கீரைக்காம்பை ஒதுக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தார். “வீட்டுக்கு வாறது விருந்தாளியாக்கும் மக்கா. ஓட்டுன்னா நாமதான் போகணும்.”

படிவம் கையெழுத்தில்லாமலே திரும்பிப் போனது. மருமகள் தலையில் கை வைத்துக்கொண்டாள். மூன்று மாதம் முன்புதான் ஆச்சி குளியலறையில் வழுக்கி விழுந்து எழுந்திருந்தார். வயது 90.

அன்று இரவு பெங்களூரிலிருந்து பேரன் பேசினான். ஏப்ரல் 19 வெள்ளிக்கிழமைதான் இங்கே வாக்குப்பதிவு. அவனுக்கு அந்த வாரம் வேலை நெருக்கடி. பெங்களூரில் தேர்தல் அடுத்த வாரம் என்பதால் ஆபீசிலும் லீவு இல்லை.

“இத்தனை லட்சம் ஓட்டுல என் ஒரு ஓட்டு என்ன செஞ்சிரும் ஆச்சி? யார் வந்தாலும் நமக்கு ஒண்ணும் மாறப்போறதில்ல.”

“மாறாதுன்னு உனக்கு யாரு சொன்னா? எனக்கு மாநிலமே மாறியிருக்கு, கேட்டியா?”

பேரன் சிரித்தான். ஆச்சி சிரிக்கவில்லை. அவர் சொன்னது வேடிக்கைப் பேச்சு அல்ல.

வீடு அங்கேயேதான் இருந்தது

ஆச்சி பிறந்தது 1934-ல், இதே வடசேரியில். அப்போது இந்த ஊர் திருவிதாங்கூர் மகாராஜாவின் சமஸ்தானம். கடைவீதியில் புழங்கியது சக்கரம் என்னும் திருவிதாங்கூர்க் காசு. அரசாங்கத்தின் மொழி மலையாளம். வீட்டில் பேசுவது தமிழ். வீட்டுப் பத்திரம் மட்டும் மலையாளம். அதை வாசித்துச் சொல்ல ஆள் தேடிப் போகவேண்டும். அந்தப் பத்திரம் இன்றும் தகரப்பெட்டியில் இருக்கிறது.

திருவிதாங்கூருக்குச் சட்டசபை புதிதல்ல. 1888-லேயே இங்கே ஒரு சட்டசபை அமைந்துவிட்டது. இந்திய சமஸ்தானங்களில் அதுதான் முதலாவது. 1904-ல் ஸ்ரீமூலம் பிரஜா சபையும் வந்தது. ஆனால் அதிலெல்லாம் நிலவரி கட்டுகிறவர்களும் வசதி படைத்தவர்களும்தான் பேசமுடியும். வயதுக்கு வந்த எல்லோருக்கும் ஓட்டு என்பது 1948-ல்தான் திருவிதாங்கூருக்கு வந்தது.

1949-ல் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே மாநிலமாயின. அடுத்து வந்தது நாட்டின் முதல் பொதுத்தேர்தல். ‘நாகர்கோவில்’ என்று ஒரு மக்களவைத் தொகுதி உண்டானது. இந்த ஊரிலிருந்து டெல்லிக்கு ஓர் ஆளை மக்களே தேர்ந்தெடுத்து அனுப்பப்போவது அதுவே முதல்முறை.

ஆச்சிக்கு அப்போது ஓட்டுப் போடும் வயது இல்லை. அந்தக் காலத்தில் 21 ஆகவேண்டும். ஆனால் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வாக்குச்சாவடி வாசல்வரை போனார்.

இப்போதுபோல ஒரே சீட்டில் எல்லாச் சின்னங்களும் இருக்காது. வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பெட்டி. பெட்டியின்மேல் சின்னம் ஒட்டியிருக்கும். கொடுத்த சீட்டை நாம் விரும்புகிறவரின் பெட்டிக்குள் போட்டுவிட்டு வரவேண்டும். எழுத்து தெரியாதவர்களுக்காகச் செய்த ஏற்பாடு அது.

அம்மாவுக்குச் சின்னம் குழப்பமில்லை. குழப்பம் வேறு இடத்தில் வந்தது. மேஜைக்காரர் கணவன் பெயரைக் கேட்டார். அந்தக் காலத்துப் பெண்கள் புருஷன் பேரை வாயால் சொல்லமாட்டார்கள். அம்மா தலை குனிந்து நின்றாள். வரிசை நின்றுபோனது. பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம். கடைசியில் அம்மா, “தெருமுனைக் கோயில்ல இருக்குத சாமி பேரு” என்றாள். மேஜைக்காரர் உள்ளூர்க்காரர். புரிந்துகொண்டு பட்டியலில் கோடு போட்டார்.

இது நாஞ்சில் நாட்டுக் கதை மட்டுமல்ல. அந்த முதல் தேர்தலில் சொந்தப் பெயரைச் சொல்லாமல் ‘இன்னார் மனைவி’, ‘இன்னார் தாயார்’ என்றே பதிந்துகொண்டதால், நாடு முழுவதும், குறிப்பாக வட மாநிலங்களில், சுமார் 28 லட்சம் பெண்களின் பெயர்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன.

வெளியே வந்த அம்மாவிடம் மகள் கேட்டாள்: “யாருக்கும்மா போட்ட?”

“அத உங்கப்பாகிட்டயும் சொல்லமாட்டேன்” என்றாள் அம்மா. கணவன் பேரையே உச்சரிக்காத பெண், கணவனிடமும் சொல்லாத ஒரு ரகசியத்தை முதன்முதலாக வைத்துக்கொண்டாள்.

முக்காலியை உதைத்த வக்கீல்

அந்தத் தேர்தலில் நாகர்கோவிலிலிருந்து டெல்லி போனவர் ஏ.நேசமணி. பள்ளியாடியில் 1895-ல் பிறந்தவர். நாகர்கோவிலில் வக்கீல். நீதிமன்றத்தில் உயர்சாதி வக்கீல்களுக்கு நாற்காலியும் மற்றவர்களுக்கு முக்காலியும் போட்டிருந்த வழக்கத்தைப் பொறுக்காமல் அந்த முக்காலிகளை உதைத்து வெளியே தள்ளினார் என்று இன்றும் ஊரில் சொல்வார்கள். ‘மார்ஷல்’ என்பது மக்கள் கொடுத்த பட்டம்.

அவர் நின்றது அகில இந்தியக் கட்சியின் பெயரில் அல்ல. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸின் பெயரில். 1945-ல் நாகர்கோவிலில் உருவான இயக்கம் அது. அதன் கோரிக்கை நேரடியானது: தமிழ் பேசும் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கவேண்டும். தொகுதி தனக்கு முதன்முதலாகக் கிடைத்த டெல்லி நாற்காலியை, ‘நாங்கள் இந்த மாநிலத்தில் இருக்க விரும்பவில்லை’ என்று சொல்லப் பயன்படுத்தியது.

மாநிலச் சட்டசபையிலும் இந்தக் கட்சி 1952-ல் 8 இடம், 1954-ல் 12 இடம் பிடித்தது. எண்ணிக்கையில் சின்னக் கட்சிதான். ஆனால் திருவிதாங்கூர்–கொச்சியில் யாருக்கும் அறுதிப் பெரும்பான்மை இல்லை. அதனால் இந்தச் சின்னக் கட்சி கையை எடுத்தால் மந்திரிசபை ஆடியது.

1954 ஆகஸ்ட் 11. ‘விடுதலை நாள்’ என்று அறிவித்து ஊர்வலங்கள் கிளம்பின. ஆச்சியின் அண்ணனும் நண்பர்களோடு மார்த்தாண்டம் போயிருந்தார். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. மதியத்துக்குமேல் தெருவில் செய்தி வந்தது. மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் துப்பாக்கிச் சூடு.

அன்று ராத்திரி அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. அம்மா வாசல்படியை விட்டு அசையவில்லை. விடியக்காலை, சட்டை கிழிந்து, காலில் செருப்பில்லாமல் அண்ணன் வந்து சேர்ந்தார். தோட்டங்களுக்குள் புகுந்து புகுந்தே நடந்து வந்திருக்கிறார். “கூடப் போன பிள்ளைமாரு?” என்று அம்மா கேட்டாள். அண்ணன் பதில் சொல்லவில்லை. கிணற்றடிக்குப் போய் வாளி வாளியாகத் தலையில் ஊற்றிக்கொண்டே இருந்தார்.

ஆச்சிக்கு அப்போது வயது 20. அந்த வாளிச் சத்தம் இன்னும் காதில் கேட்கிறது என்பார்.

அடுத்த ஆண்டு மாநில மறுசீரமைப்பு ஆணையத்தின் அறிக்கை வந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகிய தாலுகாக்களைச் சென்னை மாநிலத்துக்குக் கொடுக்கலாம் என்றது. 1956 நவம்பர் 1-ல் முதல் நான்கு தாலுகாக்களும் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. செங்கோட்டையில் ஒரு பகுதி திருநெல்வேலியோடு போனது. கேட்ட தேவிகுளம், பீர்மேடு கிடைக்கவில்லை.

“முந்தின நாள் ராத்திரி திருவிதாங்கூர்–கொச்சில படுத்தோம். காலைல மெட்ராஸ் மாநிலத்துல எழும்பினோம். அதே பாய், அதே கிணறு” என்பார் ஆச்சி.

முதல் புள்ளி

1957. ஆச்சிக்குக் கல்யாணமாகி அடுத்த தெருவுக்கு வந்திருந்தார். அதுதான் முதல் ஓட்டு. அம்மா ஓட்டுப் போட்ட அதே தொகுதி, மாநிலம்தான் வேறு. இணைப்புப் போராட்டத்தில் முன்னின்ற பி.தாணுலிங்க நாடார் காங்கிரஸ் சார்பில் வென்றார்.

அண்ணன் வாசலில் வந்து நின்று கூட்டிக்கொண்டு போனார். போகும் வழியில் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: “அன்னிக்கு என் கூட வந்து திரும்பாதவங்களுக்கு ஓட்டு இல்ல. அவங்களுக்கும் சேத்து யோசிச்சுப் போடு.”

1954 பற்றி அண்ணன் அதற்கு முன்னும் பேசவில்லை, பின்னும் பேசவில்லை. அந்த ஒரு வரிதான்.

1962-ல் மட்டும் ஆச்சி போகவில்லை. பிரசவமாகி ஐந்தாம் நாள். திண்ணைவரை வந்து, வரிசையில் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதற்கப்புறம் டெல்லிக்கு ஆள் அனுப்பிய எந்தத் தேர்தலையும் விட்டதில்லை. இடைத்தேர்தல் இரண்டையும் சேர்த்து 18 முறை இடது கை ஆள்காட்டி விரலில் மை. யாருக்குப் போட்டார் என்பது கணவருக்கும் தெரியாது, பிள்ளைகளுக்கும் தெரியாது. அம்மாவிடமிருந்து வந்த சீதனம் அது.

1962-ல் நேசமணி மறுபடி வந்தார், இம்முறை காங்கிரஸ்காரராக. 1967-லும் அவரே. அந்த 1967 தமிழ்நாட்டையே புரட்டிப் போட்ட தேர்தல். தி.மு.க ஆட்சியைப் பிடித்தது. மாநிலத்தின் 39 மக்களவைத் தொகுதிகளில் காங்கிரஸுக்குக் கிடைத்தது வெறும் 3. அந்த மூன்றில் ஒன்று நாகர்கோவில்.

பெருந்தலைவர் வந்த கதை

அதே 1967-ல் விருதுநகரில் காமராஜர், பெ.சீனிவாசன் என்ற இளைஞரிடம் 1,285 வாக்குகளில் தோற்றுப்போனார். ஒன்பது வருடம் முதலமைச்சர். இரண்டு பிரதமர்களை உருவாக்கியவர். சொந்த ஊரிலேயே தோல்வி.

1968 ஜூன் 1-ல் நேசமணி காலமானார். நாகர்கோவில் நாற்காலி காலியானது. காமராஜர் இங்கே நிற்க வந்தார்.

1969 ஜனவரியில் இடைத்தேர்தல். எதிர்த்து நின்றவர் சுதந்திரா கட்சியின் டாக்டர் மத்தியாஸ், தி.மு.க-வின் ஆதரவு அவருக்கு. ஒரு தொகுதியின் இடைத்தேர்தலை நாடே பார்த்துக்கொண்டிருந்தது.

ஆச்சி இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஒரு பிள்ளையோடு கூட்டத்துக்குப் போனார். “நீளமா பேசமாட்டாரு. பக்கத்து வீட்டு அண்ணாச்சி பேசுத மாதிரி இருக்கும். பள்ளிக்கூடத்துல சோறு போட்ட மனுசன் ஓட்டு கேட்டு நிக்காரேன்னு பக்கத்துல நின்ன கிழவி அழுதா.”

ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் காமராஜர் வென்றார். ஆச்சி அந்த ஒரு லட்சத்தில் இருந்தாரா? கேட்டால் கீரையை ஆய ஆரம்பித்துவிடுவார்.

1971-ல் இந்திரா காந்தியும் தி.மு.க-வும் சேர்ந்து நின்ற அணி தமிழகத்தின் 39-ல் 38 இடங்களை அள்ளியது. மிச்சமான அந்த ஒன்று நாகர்கோவில், மறுபடியும் காமராஜர். 1975 அக்டோபர் 2, காந்தி பிறந்த நாளில் அவர் இறந்தபோது நாகர்கோவில் எம்.பி-யாகத்தான் இறந்தார். எல்லோரும் முதலமைச்சர் காமராஜரைத்தான் நினைத்து அழுதார்கள். இந்த ஊர் தன் எம்.பி-யையும் சேர்த்து இழந்தது.

1977-ல் அகஸ்தீஸ்வரத்தில் பிறந்த குமரி அனந்தன், ஜனதா அணியிலிருந்து வென்றார். மக்களவையில் தமிழில் கேள்வி கேட்கும் உரிமைக்காக விடாமல் போராடியவர். தபால் ஆபீஸில் மணியார்டர் படிவம் தமிழில் வேண்டும் என்றும் மல்லுக்கட்டியவர். வெளியூர்க்காரர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். தன் வீட்டுப் பத்திரத்தைத் தானே படிக்கமுடியாமல் வளர்ந்த ஆச்சிக்கு அது சின்ன விஷயமே இல்லை.

ரயில் முதலில் எங்கிருந்து வந்தது?

நாகர்கோவிலுக்கு ரயில் வந்தது 1979-ல். சரி, எந்தப் பக்கத்திலிருந்து? தமிழ்நாட்டோடு சேர்ந்து 23 வருடம் ஆகியும், முதல் தண்டவாளம் திருவனந்தபுரம் பக்கமிருந்துதான் வந்தது. திருநெல்வேலியோடு ரயில் இணைப்பு 1981-ல்தான். இன்றும் நாகர்கோவில் ஸ்டேஷன் இருப்பது தெற்கு ரயில்வேயின் திருவனந்தபுரம் கோட்டத்தில்.

எல்லையோர ஊர்களின் தலையெழுத்து இப்படித்தான் போலிருக்கிறது. இங்கிலாந்தின் வட எல்லையில் பெரிக் என்று ஓர் ஊர் உண்டு. ஸ்காட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் இடையே பத்துமுறைக்கு மேல் கைமாறி, 1482-லிருந்து இங்கிலாந்தோடு இருக்கிறது. ஆனாலும் ஊரின் கால்பந்து அணி ஆடுவது ஸ்காட்லாந்துப் போட்டிகளில். நம் ஊரில் ரயில், அங்கே கால்பந்து. கோடு வரைபடத்தில் மாறினாலும் பழைய பக்கத்துக் கயிறு ஒன்று எங்கோ கட்டியபடியே கிடக்கிறது.

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. அதற்கு 2009 வரை வரவேண்டும்.

1980 முதல் 1998 வரை நடந்த ஆறு தேர்தல்களிலும் வென்றவர் ஒரே ஆள்: என்.டென்னிஸ். முதல் நான்கு முறை காங்கிரஸ். 1996-லும் 1998-லும் தமிழ் மாநில காங்கிரஸ். ஆச்சியின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய், வேலைக்குப் போய், கல்யாணம் முடித்தது அத்தனையும் ஒரே எம்.பி காலத்தில். இதற்கு நடுவே 1989-ல் ஓட்டுப் போடும் வயது 18 ஆகக் குறைந்தது. கடைக்குட்டி மகன் அம்மாவோடு வரிசையில் நின்றான்.

1999-ல் பா.ஜ.க-வின் பொன்.ராதாகிருஷ்ணன். 2004-ல் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியின் ஏ.வி.பெல்லார்மின். அந்தத் தேர்தலில்தான் நாடு முழுக்க மின்னணு இயந்திரம். “பெட்டி போச்சு, சீட்டு போச்சு, முத்திரை போச்சு. ‘பீப்’ சத்தம் வந்துட்டுது. மை மட்டும் போகல” என்பது ஆச்சியின் கணக்கு.

தொகுதி மறுவரையறைக்குப் பிறகு நடந்த 2009 தேர்தலில் ‘நாகர்கோவில்’ என்ற பெயரே மக்களவையிலிருந்து மறைந்தது. தொகுதி ‘கன்னியாகுமரி’ ஆனது. அதற்குமுன் ஒரு விநோதம் இருந்தது. மாவட்டத்துக்குப் பெயர் கொடுத்த கன்னியாகுமரி சட்டமன்றத் தொகுதி, மக்களவைக்குத் திருச்செந்தூரோடு சேர்ந்திருந்தது. குமரிமுனைக்காரர் ஓட்டு திருச்செந்தூர் எம்.பி-க்குப் போகும். மறுவரையறையில் திருவட்டார் சட்டமன்றத் தொகுதி கலைந்து, கன்னியாகுமரி, நாகர்கோவில், குளச்சல், பத்மநாபபுரம், விளவங்கோடு, கிள்ளியூர் என்று மாவட்டம் முழுவதும் ஒரே மக்களவைத் தொகுதிக்குள் வந்தது.

பெரிக் ஊருக்கும் இதுவே நடந்தது. நூற்றாண்டுகளாக பிரிட்டன் நாடாளுமன்றத்தில் இருந்த அந்தப் பெயர், 2024 மறுவரையறையில் ‘வடக்கு நார்த்தம்பர்லேண்ட்’ தொகுதிக்குள் கரைந்தது. பெயர் போனாலும் ஊர் போகவில்லை, இங்கே போலவே.

2009-ல் வென்றவர் தி.மு.க-வின் ஹெலன் டேவிட்சன். இந்தத் தொகுதி டெல்லிக்கு அனுப்பிய முதல் பெண். கணவன் பேரைச் சொல்லமுடியாமல் வரிசையை நிறுத்திய அம்மாவுக்கு இதைச் சொல்ல ஆச்சி ஆசைப்பட்டார். அம்மா போய் வெகுகாலம் ஆகியிருந்தது.

அலைக்கு எதிராக ஒரு தொகுதி

2014-ல் அ.தி.மு.க 39-ல் 37 இடங்களை வென்றது. மீதி இரண்டில் ஒன்று கன்னியாகுமரி, பொன்.ராதாகிருஷ்ணன். 1967, 1971, 1977, 1998, 2014 என்று தமிழ்நாடு ஒரு பக்கம் சாய்ந்தபோதெல்லாம் இந்தத் தொகுதி வேறு பக்கம் நின்றிருக்கிறது. இத்தனை வருடங்களில் தி.மு.க ஒரேமுறை, அ.தி.மு.க ஒருமுறைகூட இல்லை.

ஏன் இப்படி? ஒரு காரணம் வரலாறு. மற்ற மாவட்டங்களில் திராவிட இயக்கம் வேர் பிடித்த காலத்தில் இங்கே மக்கள் வேறொரு மாநிலத்தில் இருந்துகொண்டு எல்லைக்காகப் போராடிக்கொண்டிருந்தார்கள். அந்தப் போராட்டம் ‘காங்கிரஸ்’ என்ற சொல்லோடுதான் நடந்தது. மதமும் சாதியும் கடலும் தோட்டமும் தனித்தனிக் கணக்குப் போடும் மாவட்டம் என்பது இன்னொரு காரணம்.

அண்ணனின் வாக்கு ஆச்சிக்கு மறுபடி ஞாபகம் வந்தது 2017-ல். நவம்பர் கடைசியில் ஒக்கி புயல். கடலுக்குப் போன மீனவர்கள் பலர் திரும்பவில்லை. குழித்துறை ரயில் நிலையத்தில் கடலோர மக்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். டி.வி-யில் ஒரு தாய், மகனின் போட்டோவைத் தூக்கிக் காட்டிக்கொண்டே இருந்தார். ஆச்சிக்குத் தன் அம்மா 1954-ல் உட்கார்ந்திருந்த வாசல்படி தெரிந்தது. “டெல்லிக்கு ஆள் அனுப்புதது இதுக்காக்கும். நம்ம வாசல்ல அழுதா அங்க ஒருத்தன் எழும்பி நிக்கணும்” என்றார்.

2019-ல் குமரி அனந்தனின் தம்பி எச்.வசந்தகுமார், காங்கிரஸ் சார்பில் வென்றார். 2020 ஆகஸ்ட் 28-ல் கொரோனாவுக்குப் பலியானார். நேசமணி, காமராஜருக்குப் பிறகு பதவியிலேயே மறைந்த மூன்றாவது எம்.பி. 2021 ஏப்ரல் இடைத்தேர்தலில் அவர் மகன் விஜய் வசந்த். முகக்கவசமும் கையுறையுமாகப் போய் ஆச்சி போட்ட ஓட்டு அது. அவருடைய பதினேழாவது.

பதினெட்டாவது

2024 ஏப்ரல் 19. காலை ஆறரைக்கே ஆச்சி குளித்து, வெள்ளையில் நீலக்கரைச் சேலை கட்டி உட்கார்ந்துவிட்டார்.

பேரன் வரவில்லை. முந்தின நாள்வரை “பாக்கேன் ஆச்சி” என்றவன், ராத்திரி “நாகர்கோவில் எக்ஸ்பிரஸ்ல டிக்கெட் இல்ல” என்று மெசேஜ் அனுப்பினான். மருமகள் படித்துச் சொன்னாள். ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை.

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு அது முதல் ஓட்டு. நர்ஸிங் படிக்கிறாள். அவள்தான் ஆட்டோ கூட்டிவந்து ஆச்சியை ஏற்றினாள். பள்ளிக்கூட வாசலில் சக்கர நாற்காலி தயாராக இருந்தது. படிவரைக்கும் அதில் வந்தார். படியில் எழுந்துகொண்டார்.

உள்ளே மேஜைக்குப் பின்னால் ஓர் இளைஞர். அடையாள அட்டையைப் பார்த்தார். பட்டியலில் தேடுவதற்காக ஆச்சியின் பெயரைக் கேட்டார்.

ஆச்சி சொன்னார். வயது 90 என்று நம்பமுடியாத குரலில்.

“வீட்டுக்காரர் பேரு?”

கணவர் போய்ப் பன்னிரண்டு வருடம். உயிரோடு இருந்தவரை ஆச்சியும் அந்தப் பேரை வாய்விட்டுச் சொன்னதில்லை. அன்று சொன்னார், முழுப் பெயரும், இன்ஷியலோடு. பின்னால் நின்ற நர்ஸிங் மாணவி சிரித்துவிட்டாள். ஆச்சியும் சிரித்தார்.

மை வைத்தார்கள். உள்ளே போய்ப் பொத்தானை அழுத்தினார். பக்கத்துக் கண்ணாடிக்குள் துண்டுச் சீட்டு ஏழு விநாடி நின்று விழுந்தது. அது விழும்வரைக்கும் ஆச்சி நகரவில்லை. அம்மா காலத்துப் பெட்டி மாதிரியே இதுவும் சீட்டை விழுங்குகிறதே என்று பார்த்தாராம்.

வெளியே வந்ததும் அந்தப் பெண் கேட்டாள்: “யாருக்கு ஆச்சி போட்டீங்க?”

“நீ யாருக்குப் போட்ட?”

அவள் வாயைத் திறந்தாள். ஆச்சி சட்டென்று அவள் வாயைப் பொத்தினார். “சொல்லாத. அது உனக்குள்ளது.”

இரண்டு விரல்களையும் சேர்த்து அவள் ஒரு போட்டோ எடுத்தாள். சுருங்கிய ஒரு விரல், நகப்பூச்சு போட்ட ஒரு விரல். அது பெங்களூருக்குப் போனது.

மதியம் பேரன் வீடியோ காலில் வந்தான். முகம் சரியில்லை. “அடுத்த தடவை கண்டிப்பா வாறேன் ஆச்சி.”

“அடுத்த தடவை நான் இருக்கணுமே மக்கா.”

அவன் எதுவும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தான். ஆச்சியே தொடர்ந்தார்.

“நான் இல்லேன்னாலும் லிஸ்ட் இருக்கும். என் பேரை வெட்டிருவாங்க, அது சரிதான். உன் பேரு அதுல இருக்கா, இல்லியா? அதை முதல்ல பாரு.”

பேரன் அன்றே செல்போனில் தேடிப் பார்த்தான். பெயர் இருந்தது. கன்னியாகுமரி தொகுதி, வடசேரி முகவரி, ஆச்சிக்கு அடுத்த வரிசை எண்.